ஒரு படி உப்பும் பன்னிரண்டு நட்டும்

"நட்டு அழுவோணும், அப்பத்தான் தண்ணி அழுவாது."

இது அங்கப்பன் வாக்கு. இருபத்தேழு வயதுக்குள் இந்த வாக்கை அவன் எத்தனை கிணற்று மேட்டில் சொல்லியிருப்பான் என்பதற்குக் கணக்கில்லை. பைக்காரா மின்சாரம் வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. மாடு பூட்டிக் கவலை இறைத்த கிணறுகளில் ஒவ்வொன்றாக பம்பு இறங்கிக்கொண்டிருந்தது. கோயமுத்தூருக்குக் கிழக்கே ஒரு மில் பட்டறையில் அவன் பிட்டர். பம்பை இறக்குவான், குழாயைப் பூட்டுவான், இணைப்பில் சணலும் வெள்ளை லெட் பசையும் வைத்து, ஸ்பானர்மேல் ஏறி நின்று முறுக்குவான். நட்டு 'கிறீச்' என்று ஒரு சத்தம் போடும். "அழுதுருச்சுங்க, இனிக் கவலையில்லை" என்று இறங்கிவிடுவான். அவன் பூட்டிய இணைப்பில் ஒரு சொட்டு ஒழுகியதாக எந்தத் தோட்டத்துக்காரரும் சொன்னதில்லை.

பாட்டன் காலத்திலிருந்து ஏர் பிடித்த குடும்பம். காடு இரண்டு பங்காகி, நாலு பங்காகி, அவன் கைக்கு வந்தபோது ஒரு ஏக்கரும் ஒரு பனைமரமும் மிச்சம். பனைமரத்தை அக்கா பழனியாத்தாள் பேருக்கு விட்டுவிட்டு அவன் பட்டறைக்குப் போனான். "மம்பட்டி புடிக்க வணங்காதவன்" என்று பங்காளிகள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அவனுக்குள் எங்கோ தங்கிவிட்டதோ என்னவோ, ஒவ்வொரு நட்டையும் அவர்களுக்குப் பதில் சொல்வதுபோலவே முறுக்கினான்.

அந்த வருஷம் வைகாசியில் பட்டறை வாசலுக்கு லாரியில் ஒரு படகு வந்து இறங்கியது.

மில் முதலாளியின் கடைசி மகன் சுந்தரராஜுலு கொச்சிக்குப் போன இடத்தில், ஊருக்குத் திரும்பும் ஒரு வெள்ளைக்காரரிடம் அதை வாங்கியிருந்தார். பதினாலடி நீளம், பாய் கட்டி ஓட்டுவது. மில்லை ஒட்டிய குளம் நிரம்பியதும் அதில் விட வேண்டும் என்று ஆசை. பாலக்காட்டுக் கணவாய் வழியே லாரி வந்தபோது, ஏதோ சாமி வாகனம் போகிறது என்று கன்னத்தில் போட்டுக்கொண்டவர்களும் உண்டாம்.

"ஏனுங்க சின்ன மொதலாளி, இதுல ஒரு இரும்பையும் காணோமே?" என்றான் அங்கப்பன்.

"வித்தவரு பித்தளைச் சாமானெல்லாம் கழட்டிக்கிட்டாரு அங்கப்பா. ஓட்டைய மட்டும் நமக்குக் குடுத்தாரு."

படகின் முன்பாதி தேக்குப் பலகையால் மூடியிருந்தது. அந்தத் தட்டுக்குக் கீழே ஓர் ஆள் முடங்கிப் படுக்கும் அளவுக்குப் பொந்து. அதற்கு ஒரு சின்னக் கதவு. தட்டின்மேல் கயிறு சுற்றிக் கட்டப் பித்தளைக் கொம்பு இரண்டு, கயிறு ஓட வளையம் இரண்டு, பாய்மரத்தை இழுத்துப் பிடிக்கக் காது இரண்டு: ஆறு சாமான், ஒவ்வொன்றுக்கும் இரண்டு போல்ட்டு. அங்கப்பன் பட்டறையிலேயே பித்தளை வார்த்து, அராவி, மினுக்கினான். பழைய ஓட்டைகளுக்கு மர ஆப்பு அடித்தான். புது இடத்தில் துறப்பணத்தால் துளையிட்டு, பசை தடவி, பன்னிரண்டு நட்டையும் அழ வைத்தான். பசை நாலு பக்கமும் பிதுங்கி வழிந்தது. துணியால் துடைத்துவிட்டு, "குடத்துல தண்ணி ஊத்திப் பாருங்க. கீழ ஒரு சொட்டு வந்தா என் பேரு அங்கப்பன் இல்லீங்க" என்றான்.

அன்றைக்குப் பார்த்துத்தானா கீழ்க்கரையிலிருந்து பொன்னாத்தாள் வர வேண்டும்!

குளத்துக்கு இரண்டு கரை. மேற்கரையில் மில்லும் அங்கப்பன் ஊரும். கீழ்க்கரையில் சென்னியம்மாள் ஊர். சென்னியம்மாளுக்குத் தாய் இல்லை. வளர்த்தவள் பெரியம்மா பொன்னாத்தாள். பெண்ணுக்கு இரண்டு இடம் வந்திருந்தது. ஒன்று வெள்ளகோவில், நாற்பது ஏக்கர். இன்னொன்று அங்கப்பன், ஒரு ஏக்கரும் ஒரு ஸ்பானரும். தேர்த்திருவிழாவில் ராட்டினம் பாதியில் நின்று, சென்னியம்மாள் மேலேயே அந்தரத்தில் மாட்டிக்கொண்டபோது, கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து ஒரு முறுக்கில் அதை இறக்கியவன் அங்கப்பன். அதன் பிறகு வெள்ளகோவில் பேச்சை யார் எடுத்தாலும் அவள் அடுக்களைக்குள் போய்விடுவாள். அதனால் "அந்தப் பையன் வேலைய ஒருக்கா நேர்ல பாத்துட்டு வாரேன்" என்று பொன்னாத்தாள் வண்டி பூட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

வந்தவள் நேராகப் படகுக்குள் ஏறி, பொந்துக்குள் தலையை விட்டாள். மேலே சுந்தரராஜுலு மூன்று குடம் தண்ணீர் ஊற்றினார். முதல் சொட்டு அவள் மூக்குமேல் விழுந்தது. இரண்டாவது, வெற்றிலை போட்டிருந்த வாய்க்குள்.

தலையை வெளியே எடுத்து, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "ஏஞ்சாமி, வெளிய வெயிலு காயுது. உங்க கப்பலுக்குள்ள மட்டும் மழை பேயுது?" என்றாள்.

பட்டறையே சிரித்தது. அங்கப்பன் காது சிவந்தது. சொட்டு விழுந்த இடத்துக்குப் பக்கத்து நட்டை இன்னும் ஒரு சுற்று முறுக்கினான். சொட்டு நிற்கவில்லை. அடுத்ததையும் முறுக்கினான். இப்போது இரண்டு இடத்தில் சொட்டியது. அன்றிலிருந்து பத்து நாள் பகலில் பம்பு, மாலையில் படகு. முறுக்க முறுக்க ஒழுகல் கூடியதே தவிரக் குறையவில்லை. அப்படியும் பொன்னாத்தாள் இடத்தை வேண்டாம் என்று சொல்லவில்லை. "ஆனி கடைசி புதங்கெழமை உப்புச்சர்க்கரை மாத்திக்கலாம்" என்று சொல்லியனுப்பினாள்.

அந்தப் பக்கத்தில் உப்பும் சர்க்கரையும் மாற்றிக்கொண்டால் கல்யாணம் நிச்சயம் என்று அர்த்தம். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் கொண்டுபோய்ப் பெண் வீட்டில் மாற்றி வருவார்கள். மாப்பிள்ளை போகும் வழக்கம் இல்லை.

புதன்கிழமைக்கு ஐந்து நாள் முன்பு நொய்யல் ஆறு பெருகி வந்தது. ஒரே ராத்திரியில் தரைப்பாலம் முழுகி, குளம் நிரம்பி, வண்டித் தடம் காணாமல் போனது. பரிசல் எல்லாம் காவிரிக்கரை சமாச்சாரம். இந்தக் குளத்தில் யாரும் விட்டதில்லை. தண்ணீர் வடியப் பதினைந்து நாளாவது ஆகும். அதற்குள் ஆடி பிறந்துவிடும். ஆடியில் நல்ல காரியம் இல்லை.

மத்தியானம் கீழ்க்கரையிலிருந்து ஓர் ஆள் வாழைமரத்தைப் பிடித்துக்கொண்டு நீந்தி வந்தான். தலைத்துணியைப் பிழிந்துகொண்டே பொன்னாத்தாள் சொன்னதை அப்படியே ஒப்பித்தான்:

"வாரதுன்னா கப்பல்லயே வரச் சொன்னாங்க. ஆனா உப்பு காஞ்சாப்பல வந்து சேரோணும். நனைஞ்ச உப்பை மாத்துனா சொன்ன சொல்லு கரைஞ்சுபோகுமுன்னு அவங்க ஊட்டுல ஒரு நம்பிக்கைங்க. நனைஞ்சா திரும்பிக்கச் சொன்னாங்க. ஆடி முடிஞ்சதும் வெள்ளகோவிலுக்கு வார்த்தை குடுத்துப்போடுவாங்களாமா."

ஆனிச் சாரலில், அலை தெறிக்கும் படகில், உப்பு காய்ந்திருக்க ஓர் இடம்தான் உண்டு. தட்டுக்குக் கீழே உள்ள பொந்து. மூக்குமேல் சொட்டிய அதே பொந்து.

அங்கப்பன் ஸ்பானரை எடுத்துக்கொண்டு நேராகப் படகுக்குப் போனான். முறுக்குவதற்கு இனி இடம் இல்லை. தேக்கில் வாசர் பதிந்து குழி விழுந்திருந்தது. அவன் பொந்துக்குள் மல்லாந்து படுத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்றா, உள்ளயே குடித்தனம் பண்ணப் போறயா?" என்று மேலிருந்து குரல் வந்தது. பழனியாத்தாள். கையில் முறம், நிச்சயத்துக்குக் குங்குமம் இடிக்க வாங்கிய விரலி மஞ்சள் அதில் கிடந்தது.

"எங்க ஒழுகுதுன்னே தெரியலக்கா. சொட்டற எடத்துல முறுக்குனா வேற எடத்துல சொட்டுது."

"கூரை சொட்டற எடத்துலயா ஓடு ஒடைஞ்சிருக்கு? ஓடு ஒரு பக்கம் ஒடையும், தண்ணி கைமரத்தப் புடிச்சே போயி விருந்துக்கு வந்த ஒறம்பரை தலையில சொட்டும். இதுகூடத் தெரியாம பிட்டராம், பிட்டரு!"

அங்கப்பன் எழுந்து உட்கார்ந்தான். தலை தட்டின் அடியில் 'ணங்' என்று இடித்தது. முறத்தில் மஞ்சள். அவன் கண் முறத்திலேயே நின்றது.

"அக்கா, மஞ்சளும் சுண்ணாம்பும் சேந்து ஈரம் பட்டாத்தான செவக்கும்?"

"பின்ன? காஞ்சு கெடந்தா மஞ்சளாவேதான் இருக்கும். குங்குமம் பண்றவளக் கேக்கற கேள்வியா இது?"

"அப்ப இடிச்சுக் குடு. ஒரு படி."

மறுநாள் முழுக்கப் படகைக் காற்றில் காய வைத்தான். மஞ்சள் தூளையும் நீற்றிய சுண்ணாம்புத் தூளையும் உலர்வாகக் கலந்து, தட்டின் அடிப்பக்கம் முழுவதும் துணியால் தேய்த்தான். பொந்து மஞ்சள் பூசிய சுவர்போல ஆயிற்று. பட்டறை ஆட்கள் வந்து எட்டிப் பார்த்து, "மாப்பிள்ளைக்கு நலங்கு உள்ளயேங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். மேலே ஒரே ஒரு குடம், மெதுவாக. உள்ளே விளக்கைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தவன் கண்முன்னால் முன்கொம்பின் போல்ட்டைச் சுற்றி ஒரு சிவப்புப் பொட்டு பூத்தது. பொட்டிலிருந்து ஒரு கோடு கிளம்பியது. குறுக்குச் சட்டத்தைத் தொட்டு, அதைப் பிடித்துக்கொண்டே இரண்டு முழம் நகர்ந்து, சட்டம் முடிந்த இடத்தில் சொட்டாக விழுந்தது. இத்தனை நாளும் அவன் முறுக்கியது அந்த முடிவில் இருந்த நட்டை. ஒழுகாத நட்டை.

சிரிப்பு வந்தது. உள்ளே படுத்தபடியே சிரித்தான்.

கழற்றிப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. கொம்பின் அடியில் பசையே இல்லை. எல்லாவற்றையும் அவனே முறுக்கிப் பிதுக்கித் துடைத்து எறிந்திருந்தான். பம்பில் இரும்பும் இரும்பும் சேர்கிறது. எத்தனை முறுக்கினாலும் இரும்பு தாங்கும். மரம் அப்படியா? வெயிலில் சுருங்கும், ஈரத்தில் உப்பும். நசுக்கினால் நசுங்கும். பசை அங்கே உட்கார இடம் வேண்டும். இத்தனை வருஷமும் தன் கைக்கு நல்ல பேர் வாங்கித் தந்தது வேலை தெரிந்ததா, வெறும் பிடிவாதமா என்று அவன் ஒரு நிமிஷம் யோசித்தான். வேலை கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு துளையின் வாயையும் உளியால் லேசாக அகட்டி, பசை தேங்க ஒரு சின்னக் கிண்ணம்போல ஆக்கினான். மில்லிலிருந்து கழிவு நூல் வாங்கி, ஆளிவிதை எண்ணெயில் குழைத்த வெள்ளை லெட்டில் தோய்த்து, ஒவ்வொரு போல்ட்டின் கழுத்திலும் திரிபோலச் சுற்றினான். அடியில் நட்டுக்கும் தட்டுக்கும் நடுவே அகலமான வாகைப் பலகைத் துண்டு ஒன்று வைத்தான், பாரம் ஓர் இடத்தில் இறங்காமல் இருக்க. போல்ட்டு சுழன்றால் சுற்றிய திரி அறுந்துவிடும். அதனால் மேலே ஒருவர் போல்ட்டை அசையாமல் பிடிக்க வேண்டும், கீழே நட்டு மட்டும் திரும்ப வேண்டும். மேலே பழனியாத்தாள் கொசுவத்தை இழுத்துச் செருகிக்கொண்டு ஸ்பானரோடு உட்கார்ந்தாள்.

"அசையாத புடிக்கா!"

"நீ பேசாத திருப்புடா. உன்னய அசையாத புடிச்சு வளத்ததே நாந்தான்."

பசை கொம்பைச் சுற்றி மெல்லிய நூலாக எட்டிப் பார்த்ததும் நிறுத்தினான். கை இன்னும் திருப்பு திருப்பு என்றது. நட்டு அழவில்லை. அழாத நட்டை விட்டுவிட்டு எழுந்து வருவது அவனுக்கு அதுதான் முதல் தடவை. பிதுங்கியதைத் துடைக்கவும் இல்லை. பசை தோல் பிடிக்க இரண்டு நாள். பிறகு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஒவ்வொன்றுக்கும் கால் சுற்று, அவ்வளவுதான். தண்ணீர் ஊற்றிப் பார்க்க இனி நாள் இல்லை. குளம்தான் பார்க்க வேண்டும். பொந்துக்குள் புதிதாக மஞ்சள் தூள் தேய்த்துக் கதவைச் சாத்தினான்.

புதன்கிழமை விடிந்தது. எல்லாரும் கிளம்பிக்கொண்டிருந்தபோது அங்கப்பன் தனியாகப் படகுக்குள் குனிந்தான். இடப்பக்க முன்கொம்பு. முதலில் காட்டிக்கொடுத்த அதே கொம்பு. மனசு கேட்கவில்லை. யாரையும் மேலே பிடிக்கச் சொல்லாமல், ஒரே ஒரு சுற்று. 'கிறீச்.'

அந்தச் சத்தம் கேட்டதும் தப்பு பண்ணிவிட்டோம் என்று தெரிந்தது. ஒரு படி உப்பு கட்டிய மூட்டையைப் பொந்துக்குள் அந்தக் கொம்புக்கு எதிர்ப்பக்க மூலையில் தள்ளி வைத்தான்.

படகில் நாலு பேர். சுக்கான் சுந்தரராஜுலு கையில். வெற்றிலைத் தட்டோடு பெரியப்பா சுப்பண்ணன். வாழ்க்கையில் முழங்கால் தண்ணீருக்குமேல் இறங்காதவர். சர்க்கரைத் தூக்கோடு பழனியாத்தாள். கயிற்றுக்கு அங்கப்பன்.

"மாப்பிள்ளை வரக் கூடாதேடா," என்றார் சுப்பண்ணன்.

"மாப்பிள்ளையா வரலீங்க பெரியப்பா. பிட்டரா வாரேன்."

கணவாய்க் காற்று மேற்கிலிருந்து அடித்தது. பாய் ஒரு தடவை படபடத்து, பிறகு முதுகு வளைத்து நின்றது. கரையில் கூடியிருந்த மில் ஆட்கள் கூக்குரலிட்டார்கள். படகு குபுக்கென்று முன்னால் பாய்ந்தது. சாரல் முகத்தில் அடித்தது. அலை ஒவ்வொன்றாகத் தட்டின்மேல் ஏறி, பித்தளைக் கொம்புகளைக் குளிப்பாட்டிவிட்டு வழிந்தது. கயிறுகள் கொம்புகளை இழுத்த இழுப்பை அங்கப்பன் தன் பல்லில் உணர்ந்தான்.

"அய்யோ, முருகா, மருதமலையானே," என்று சுப்பண்ணன் ஒரு பக்கம்.

"பெரியப்பா, வெத்தல நனையுது, மூடுங்க! சாமிய அப்பறம் கூப்பிடலாம்," என்று பழனியாத்தாள் ஒரு பக்கம். சொல்லும்போதே அவள் சிரிப்பு குளம் முழுக்கக் கேட்டது. அவள் அப்படிச் சிரித்து அங்கப்பன் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது.

அரை மைல். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. படகு கீழ்க்கரைச் சேற்றில் முட்டி நின்றது.

கரை முழுக்க ஜனம். பொன்னாத்தாள் முன்னால் வந்தாள். வாங்க என்றுகூட இன்னும் சொல்லவில்லை. புடவையைத் தூக்கிக்கொண்டு படகுக்குள் இறங்கி, பொந்தின் கதவைத் திறந்து, மூட்டையை எடுத்து மடியில் வைத்து அவிழ்த்தாள். ஒரு கை அள்ளி விரல் வழியே விட்டாள். உப்பு பொலபொலவென்று கொட்டியது. இன்னொரு கை அள்ளினாள். அதுவும் பொலபொலவென்று கொட்டியது.

ஜனம் ஆரவாரம் செய்தது. ஆனால் அவள் எழவில்லை. தலையைப் பொந்துக்குள் விட்டுப் பார்த்தாள். உள்ளே எல்லாம் மஞ்சள், விடியற்காலை போல. இடப்பக்க மூலையில் மட்டும் ஒரு சிவப்புப் பொட்டு, கட்டைவிரல் அகலத்துக்கு.

"அட! குங்குமம் வெச்சாப்பல இருக்குது. சாமி சம்மதம் சொல்லிருச்சு கண்ணு," என்றாள்.

பழனியாத்தாள் தம்பியைப் பார்த்தாள். பேசாமல் இரு என்று கண்ணாலேயே சொன்னாள். சுப்பண்ணன் தட்டைத் தூக்கிக்கொண்டு இறங்கத் தயாராகிவிட்டார். பேசாமல் இருந்தால் எல்லாம் முடிந்துவிடும். அங்கப்பனால் முடியவில்லை. ஒழுகிய இடத்தைச் சாமி பேரில் எழுதிவிட்டுப் போக அவன் கை பழகவில்லை.

"அத்தை, அது குங்குமம் இல்லீங்க."

"பின்ன?"

"ஒழுக்குங்க. ஈரம் பட்டா செவக்கறாப்பல பொடி தேச்சிருக்கறனுங்க. காத்தால மனசு பதறி அந்த நட்ட ஒரு சுத்து சாஸ்தி முறுக்கிப்போட்டனுங்க. அதுல எறங்கியிருக்குது. உப்புக்கு வரல. ஆனா ஒழுக்கு ஒழுக்குத்தானுங்களே."

பழனியாத்தாள் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

பொன்னாத்தாள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு அவளுக்கு உதடு துடித்தது. அடக்கப் பார்த்து முடியாமல், உப்பு மூட்டை குலுங்கக் குலுங்கச் சிரித்துவிட்டாள்.

"வெள்ளகோவில்ல ஊடு பாக்கப் போனனா? 'எங்க ஊட்டுல ஒழுக்குங்கறதே கெடையாது'ன்னாங்க. நாப்பது ஏக்கராச்சே, நம்பிப் படுத்தேன். மழையே பேயாத ஊருல அன்னைக்குன்னு ஒரு தூத்தல். பாயி, தலகாணி, என் சுங்கடிச் சேலை, அத்தனையும் நனைஞ்சுபோச்சு. காத்தால கேட்டா, 'வேர்வையா இருக்குமுங்க'ங்கறாங்க! ஒரே ஒரு பொட்டு ஒழுகுனதுக்கு இவன் பஞ்சாயத்துல நிக்கறவனாட்ட நிக்கறான் பாரு. எறங்குங்க சம்பந்தி, எறங்குங்க! உப்பு காஞ்சுதான் வந்திருக்குது."

சுப்பண்ணன் சேற்றில் காலை வைத்ததும் முதல் காரியமாகக் கரையைத் தொட்டுக் கும்பிட்டார். வீட்டுக்குள் உப்பும் சர்க்கரையும் மாறியது. வழக்கப்படி மாப்பிள்ளை உள்ளே போகவில்லை. படகிலேயே உட்கார்ந்திருந்தான். காற்று மேற்கிலிருந்தே அடித்துக்கொண்டிருந்தது. படகு ஓட்டும் புத்தகத்தில், எதிர்க்காற்றில் பாயை எப்படித் திருப்புவது என்ற பாடம் வரைக்கும் சுந்தரராஜுலு இன்னும் படித்திருக்கவில்லை. "போறதுக்குக் காத்து இருந்துச்சு அங்கப்பா. வாரதுக்கு இவங்க ஊட்டுச் சோறுதான் இருக்குது," என்று சொல்லிவிட்டு அவரும் இலைக்குப் போய்விட்டார்.

சற்று நேரத்தில் தூக்குப்போசியில் சோறும் பருப்பும் வந்தது. கொண்டுவந்தது பொன்னாத்தாள். இரண்டடி பின்னால் சென்னியம்மாள், வேறெங்கோ பார்ப்பதுபோல. பெரியம்மா கரையில் யாரையோ கூப்பிட்டு வம்பளக்கத் திரும்பிக்கொண்டாள்.

சென்னியம்மாள் குனிந்து பொந்தின் கதவைத் திறந்து பார்த்தாள்.

"இந்தப் பொட்டு எந்த நட்டுங்க?"

"இடப்பக்கம், முன்கொம்பு."

"ஒரு சுத்துத் தளத்திட்டாச் சரியாப்போயிருமுங்களா?"

"போவாதுங்க. முழுசாக் கழட்டி, பழசச் சொரண்டி, புதுசாப் பசை வெக்கோணும். வெச்சுட்டு ரெண்டு நாளு தொடாம இருக்கோணும்." தன் கையைப் பார்த்துக்கொண்டு, "அதுதான் எனக்குக் கஷ்டமுங்க," என்றான்.

அவள் கொம்பைத் தொட்டு, அசைகிறதா என்று ஆட்டிப் பார்த்தாள்.

"ஒருத்தரு மேல புடிச்சுக்கோணுமாமா? உங்கக்கா சொன்னாங்க."

"ஆமாங்க. அசையாத."

"அப்பக் கல்யாணம் முடியட்டுங்க. அதுவரைக்கும் தொடாத இருங்க. கழட்டறப்ப ஸ்பானரு நான் புடிச்சுக்கறேன்."

அவள் சொல்லிவிட்டுக் கரையேறினாள். அங்கப்பன் சோற்றில் கை வைத்தான். பருப்பில் உப்பு சற்றுத் தூக்கல். இப்போது மாற்றிய உப்பிலிருந்தே ஒரு கை அள்ளிப் போட்டிருக்கிறார்கள் என்று பட்டது. போசியை வழித்துச் சாப்பிட்டான்.